கை நடுங்கும் கண் டாக்டர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்காவோடு சேர்ந்து நிற்போம் என்று வாக்குக் கொடுத்த டாக்டர்கள் இரண்டு பேரும் பொய் நோய் சொல்லி நழுவிவிட்டார்கள், அவள் மட்டும் ராணுவக் காவலில் இருக்கிறாள். இதை முதலில் எழுதாமல் நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நீ சுகம்தானே? நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் கேட்காதே.

நீ போனில் பாதிதான் கேட்டிருப்பாய், முழுதும் எழுதுகிறேன். ரிசர்வ் படை டாக்டர்களைச் சண்டைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்ததும் அக்கா, கண் டாக்டர், எலும்பு டாக்டர் மூவரும் நம் வீட்டு முன்னறையில்தான் கூடினார்கள். போன தடவை படைக்குப் போனபோது அக்கா ஒரு சிப்பாயின் தோளைத் தைத்து அனுப்பினாளாம், புண் ஆறுவதற்குள் அவனைத் திரும்பச் சண்டைக்கு அனுப்பி மறுபடி அவள் மேசைக்கே கொண்டுவந்தார்களாம். "ரெண்டாவது தடவை தைக்க ஒண்ணும் மிச்சமில்லப்பா" என்றாள். எங்களிடமே அன்றுதான் சொன்னாள். கண் டாக்டர் மேசையைத் தட்டி, நோய்நொடின்னு சொல்லி யாரும் தப்பிக்கக் கூடாது, போகமாட்டோம்னு நேருக்கு நேர் சொல்லணும் என்றார். அம்மா கண் கலங்கி அவருக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதைச் சொல்ல ராணுவ முகாம் வாசலுக்கு அக்கா மட்டும்தான் போனாள். மற்ற இருவரும் முந்தின நாளே ஒருவருக்கொருவர் சான்றிதழ் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். அவசரத்தில் ஆளுக்குத் தெரிந்த நோயைத்தானே எழுத வரும்? எலும்பு டாக்டருக்குப் பார்வை மங்கல் என்று கண் டாக்டர் எழுதினார். கண் டாக்டருக்கு மணிக்கட்டு நரம்பு கெட்டுக் கை நடுங்குகிறது என்று எலும்பு டாக்டர் எழுதினார். கத்தி பிடிக்கிற இரண்டு பேரும் தங்கள் பிழைப்பில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள், படித்த மேதைகள். இதை முகாம் அதிகாரியே அக்காவிடம் சிரித்துக்கொண்டு சொல்லி, நீங்களும் மனச்சோர்வுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க டாக்டர் என்றாராம். எனக்கு ஒரு நோயும் இல்ல, நான் மறுக்கறேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். வேலையும் போகும் போலிருக்கிறது.

என் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது உனக்குத் தெரியும். அதே கண் டாக்டர் ஆபரேஷனுக்கு வரச்சொன்ன அன்று போனேன், உள்ளே போகவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, கை நடுங்கறவர்கிட்ட கண்ணைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா என்று சத்தமாகக் கேட்டேன். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடியிருந்த ஒரு அம்மாள் பட்டென்று விழித்தாள். டாக்டர் ஓடிவந்து, பெரியவரே, உள்ள வாங்க, என் கை நல்லாத்தான் இருக்கு என்றார். அதை முகாம் வாசல்ல போய்ச் சொல்லுங்க என்றேன். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியேறினாள். தம்பி, இத்தனை நாளில் அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பவன் நான்தானே, அதையும் இனிமேல் தொடாதீங்க என்கிறாள் அம்மா. அது மட்டும் முடியாது. மேசையில் படுத்திருக்கிறவன் என்ன பாவம் செய்தான்?

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் கழுத்தை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இனி ஆக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டர் முகாம் வாசலுக்குப் போய்க் கையை நீட்டி, நடுங்கவில்லை, வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். எலும்பு டாக்டர் கண்ணாடி இல்லாமல் அங்கே உள்ள பலகையை வாசித்துவிட்டு அதையே சொல்ல வேண்டும். அதுவரை அம்மா ஒவ்வொரு முறை அக்காவைப் பார்த்துத் திரும்பும்போதும் அந்த டாக்டர்கள் இருவரின் நோயாளிகள் நடுவே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதுவரை என் கண்ணை எவரும் தொடக் கூடாது, வேறு ஊரில் பார்க்கலாம் என்று நீ பணம் அனுப்பாதே. அக்கா செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். நீ, அவளையும் நோய் என்று கையெழுத்துப் போடச்சொல்லிப் போன வாரம் எழுதினாயே, அது தப்பு என்று அவளுக்கு எழுது. எழுதிய பிறகு எனக்கு எழுது.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணோடு
உன் அப்பா