ரிக் வண்டிக்கு முன்னால் நின்றவளுக்கு

ரத்தம் எடுக்க வந்த பெண் இன்று காலை என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். திருச்செங்கோட்டுக் கல்லூரியில் நம் ஆய்வறை முழுக்க அதே வாடைதானே, உன் சேலையில்கூட. நீ இறந்து ஏழு மாதமாகிறது. என்னைத் தனியாக விட்டுப் போனாயே என்று எனக்கு இன்னும் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

கண்ணாடித் தட்டில் ஜெலட்டினை மெல்லிசாகப் பூசி, ஒளி பட்டால் மாறுகிற டைக்ரோமேட் கரைசலில் முக்கி, லேசர் ஒளியைக் காட்டி, தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் அலசிக் காயவைத்தால் அந்தப் படலமே லென்ஸ் மாதிரி வெளிச்சத்தைக் குவிக்கும். சொல்வது எளிது. நமக்கு வருடம் முழுக்க ஒரு தட்டும் தேறவில்லை. ஒளி காட்டுகிற பத்து நிமிடமும் மேசை மயிரிழைகூட அசையக் கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கமோ போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் பட்டறை. ஒரு தட்டாவது காட்டாவிட்டால் அறையைக் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் கல்லூரி முதல்வர். "இதெல்லாம் நம்மூருக்கு ஆகாதுங்க மேடம்" என்று வேறு சொன்னார்.

நீ அசரவில்லை. "ஆயுத பூசையன்னிக்கு ஒரு வண்டியும் ஓடாது புள்ள. அன்னிக்கு வா."

வந்தோம். லேசரைத் திறந்து நாலு நிமிடம் இருக்கும், பட்டறையில் பூசை மணி அடித்தது. பூசை முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்துவார்கள். இந்த ஊரிலேயே பிறந்த நம் இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை, பார். நீ ஓடினாய். மாலை போட்ட வண்டிக்கு முன்னால் நீ நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

"ஆறு நிமிசம் பொறுங்கண்ணா."

"நல்ல நேரம் போயிரும். தள்ளி நில்லுங்க டீச்சர்."

"அப்ப எலுமிச்சம்பழத்த எடுத்துப்போட்டுட்டு எம்மேல ஏத்துங்க."

பட்டறைக்காரர் முறைத்தார், ஆனால் பொறுத்தார். தட்டு காய்ந்ததும் எதிர்ச் சுவரில் வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவிந்தது. அறை தப்பியது.

போன வாரம் முதல்வர் மறுபடி கூப்பிட்டார். "அவங்களே போயிட்டாங்க, இனி அந்த ரூம் எதுக்குங்க? சாவியக் குடுத்துருங்க."

ஆயுத பூசையன்று நான் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். உன் தைரியம் எனக்கு இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனாலும் "தர மாட்டேனுங்க" என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருக்கட்டும். சாவி என் பையில் இருக்கிறது. நாளைக் காலை போய் ஜெலட்டின் காய்ச்ச வேண்டும்.