எண் 58-க்கு நான் போட்ட பாட்டு

செப்டம்பர் 3, புதன்

இன்று பூசணிக்காய்க் குழம்பு, ஆயிரத்து நானூறு பிள்ளைகளுக்கு. பள்ளிச் சமையல்கூடத்துக்குள் நாற்பது டிகிரி வெக்கை. வெளியே முப்பத்தைந்து என்றார்கள், குளுகுளுவென்று இருந்தது.

நேற்றும் தோல்விதான். நம் ஊர் பேஸ்பால் அணி நீர்க்காகங்கள், ஆறு அணிகளில் ஐந்தாவது. ஆறாவது இடத்துக்குப் போகக்கூட ஒரு முயற்சி வேண்டும், இவர்களிடம் அதுவும் இல்லை. ஆனாலும் வலப்பக்கக் கேலரியில் பதினைந்து டிரம்பெட், மூன்று டிரம், ஒரு பெரிய கொடி. எங்களுக்கு வேறு வேலை கிடையாது.

நம் ஆட்டக்காரன் தொகாஷி முதல் அணியில் இடம் கிடைக்காமல் நேற்று இரண்டாம் அணியில் இரண்டு அடித்தானாம். இரண்டாம் அணி ஆட்டத்தில் வாத்தியம் வாசிக்க அனுமதி இல்லை. அதனால் அவன் மட்டை பிடிக்கும்போது நாங்கள் வாசிக்கிற அவன் பாட்டு இந்த வருடம் இன்னும் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

பாலத்தடியில் பயிற்சி. நாகோஷி தன் முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு நேரே வந்துவிட்டான், சட்டையெல்லாம் யாருடைய முடியோ. ஏழு கிலோ கொடியை வீசுகிறவன் அவன். வாயை வீசுவது அதைவிட அதிகம்.

"சனாயே அக்கா, உங்க தொகாஷி பாட்டை ஒரு தடவை வாசிங்க. மறந்துடப் போறோம்."

டிரம்பெட்டை எடுத்து வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினோரு தடவை வாசிச்சோம், பதினோரு தடவையும் அவுட். அது பாட்டா, எதிரணிக்குப் போற அழைப்பிதழா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வலிக்கிறது என்று தெரிந்துவிடுமே.

உண்மைதான். நான் வாழ்க்கையில் போட்டது ஒரே ஒரு பாட்டு. தொகாஷி பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு வந்தபோது, அவன் ஒல்லிக் கழுத்தையும் முதுகில் 58-ஐயும் பார்த்துப் போட்டேன். புதுப் பையனுக்குத் தனிப் பாட்டு கொடுக்கிற வழக்கம் கிடையாது. எங்கள் வாத்தியக் குழுத் தலைவர் உட்சுமி கேட்டுவிட்டு, "இது அந்தப் பையனுக்கு மட்டும்தான் பொருந்தும்" என்று அனுமதித்தார். அணியை விட்டு ஆட்டக்காரன் போனால் அவன் பாட்டும் போய்விடும். இன்னொருவனுக்கு அதைக் கொடுக்க மாட்டோம். ஆறு வருடம் ஆகிவிட்டது. முதல் அணிக்காகப் பதினோரு முறைதான் மட்டை தூக்கினான். ஒன்றுகூட அடிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை. என் பாட்டு ஒலிக்கும்போது அவன் ஒரே ஒரு தடவை ஓடி முதல் தளத்தில் நின்றால் போதும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

கிளம்பும்போது தலைவர் வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். அறுபத்தொரு வயது, டாக்ஸி ஓட்டுகிறவர், வளைவுக்கு வளைவு எச்சரிக்கை கொடுத்தே பழகியவர். "ஒலிபெருக்கில பேரு சொல்ற வரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது. யாரு வரப்போறான்னு நம்ம வாத்தியமே காட்டிக் கொடுத்துடக் கூடாது."

"தெரியும் தலைவரே" என்று கோரஸாகச் சொன்னோம், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

செப்டம்பர் 24, புதன்

வந்துவிட்டான்! தொகாஷியை முதல் அணிக்கு ஏற்றியிருக்கிறார்கள். யாருக்கோ தொடையில் அடியாம். யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை, பாவம்.

நாகோஷி சமையல்கூடத்துக்கே போன் போட்டுவிட்டான். கூடத்தின் மேலாளர் அம்மா ஷிமோஜோ, "யாராவது இறந்துட்டாங்களா?" என்று பதறினார். இல்லை, ஒருத்தன் பிழைத்திருக்கிறான் என்றேன்.

என்னை எப்போதும் குடும்பப் பேரில் கூப்பிடுகிற தலைவர் மட்டும் போனில் மெதுவாகச் சொன்னார். "குஜி-சான், ரொம்ப ஆடாதீங்க. இது கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறதுக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க. அடிச்சா வச்சுக்குவாங்க, அடிக்கலன்னா அக்டோபர்ல பேரு வந்துடும்."

வெளியேற்றப் பட்டியலைச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 26, வெள்ளி

அவனைக் களத்தில் இறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பகல் ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டுக்கு மூன்று என்று பின்தங்கி இருக்கிறோம். இரண்டு பேர் அவுட். இமாசெகி மட்டை பிடித்துக்கொண்டிருந்தான், நாங்கள் இமாசெகியின் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். அடுத்தவன் நிற்கிற வட்டத்தில் வலக்கை மட்டையாளன் ஒருவன் நின்றான். எதிரணியின் மாற்று இடக்கைப் பந்துவீச்சாளன் அவனைப் பார்த்துவிட்டு, தனக்கு வேலை இல்லை என்று உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தொகாஷி இடக்கை மட்டையாளன். இடக்கை பந்துவீச்சு அவனுக்கு ஆகவே ஆகாது, இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.

அப்போது பெஞ்சின் நிழலில் ஒருத்தன் எழுந்து மட்டையைச் சுழற்றினான். 58.

நான் வாயில் வைத்துவிட்டேன்.

பேர் சொல்லவில்லை. இமாசெகி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். தலைவர் கை காட்டவில்லை. நான் தொகாஷி பாட்டின் முதல் அடியை ஊதிவிட்டேன் — கூவிவிட்டேன் என்றே சொல்லலாம். பக்கத்தில் இருந்தவர்கள் தலைவர் கை காட்டிவிட்டார் என்று நினைத்து என் பின்னால் வந்தார்கள். பதினைந்து டிரம்பெட்! கேலரி முழுக்க எழுந்து "ஓடு தொகாஷி, உப்புக்காற்றைக் கிழித்து ஓடு" என்று பாடியது. தலைவர் டிரம் குச்சியை இரண்டு கையிலும் தூக்கி ஆட்டினார். நிறுத்து என்கிறார். நான் அதை உற்சாகம் என்று நினைத்தேன்.

எதிரணிப் பயிற்சியாளர் தலையைத் தூக்கி எங்கள் கேலரியைப் பார்த்தார். பிறகு எங்கள் பெஞ்சைப் பார்த்தார். பிறகு மாற்றுப் பந்துவீச்சாளர்களுக்குப் போன் போட்டார். இடக்கைக்காரன் எழுந்து கை சுழற்ற ஆரம்பித்தான்.

இமாசெகி முதல் தளத்துக்குப் போனான். வட்டத்தில் நின்றவனை உட்காரச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கி, "இமாசெகிக்குப் பிறகு, தொகாஷி" என்றது. உடனே எதிரணி பந்துவீச்சாளரை மாற்றியது. இடக்கைக்காரன், தோள் நன்றாகச் சூடேறி, நேரே களத்துக்குள் வந்தான். எங்கள் அணி மேலாளர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, மட்டையோடு நின்ற தொகாஷியைக் கை காட்டிக் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு பந்துகூடப் பார்க்காமல் திரும்பி நடந்தான். பேர் சொல்லி எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது. பதிலுக்கு வந்தவன் மூன்று பந்தில் அவுட்.

அவ்வளவுதான். வட்டத்தில் வலக்கைக்காரனை நிறுத்தி மேலாளர் அவனை ஒளித்து வைத்திருந்தார். நான் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

தலைவர் கேலரிக்கு முன்னால் நின்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். என் பேரைச் சொல்லவில்லை. "எங்க தப்பு" என்றார். என் பக்கம் வந்து, "குஜி-சான், வாயைத் துடைங்க. ரத்தம் வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாகோஷி ஏதோ நக்கலடிக்க வாயைத் திறந்தான். அப்புறம் கொடியைச் சுருட்டப் போய்விட்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

வைத்துக்கொள்வார்கள். ஒரு பந்துகூடப் பார்க்காதவனை எப்படி அனுப்புவார்கள்? இல்லையா?

செப்டம்பர் 30, செவ்வாய்

மறுபடி இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

பட்டியல் வந்துவிட்டது. ஏழு பேர். கடைசிப் பேர் தொகாஷி.

தலைவர் தானே போன் செய்தார். "அது உங்களால இல்ல" என்றார். யாரால தலைவரே? சொல்லுங்க, யாரால? நாற்பத்தொன்பது வயசுப் பொம்பள, பேரு சொல்ற வரைக்கும் ஒரு நிமிஷம் வாயப் பொத்திக்கிட்டு இருக்க முடியல. ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கத் தெரியல. போனில் இதையெல்லாம் சொல்லவில்லை. "சரி" என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். போகவில்லை. ஜன்னலைச் சாத்தியும் டிரம் சத்தம் கேட்டது. இந்த ஊரில் எந்தத் தெருவுக்கு ஓடினாலும் கேட்கும்.

அக்டோபர் 18, சனி

வருடக் கடைசிக் கூட்டம். முதலில் பாலத்தடியில், போகிற ஆட்டக்காரர்களின் பாட்டை ஆளுக்கு ஒரு முறை. பிறகு கோழி சுட்டுத் தருகிற கடையில் பீர். பாட்டைப் போட்டவர்தான் முதல் அடியை ஊத வேண்டும், அதுதான் முறை. கடைசியாக நின்றது தொகாஷி பாட்டு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் வைத்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை வைத்தேன். ஆற்றில் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார், அவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தலைவர் டிரம்மை மட்டும் அடிக்க ஆரம்பித்தார். நாகோஷி அவன் கழுதைக் குரலில் பாடினான், ஒரு சுரம்கூட இடத்தில் விழவில்லை. மற்றவர்களும் பாடினார்கள். ஒரு டிரம்பெட்கூட ஒலிக்காமல் என் பாட்டு முடிந்தது.

கோழிக்கடையில் நாகோஷி என் கோப்பையை நிரப்பினான். "அக்கா, என்னைத் திட்டவாவது செய்ங்க. நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"உன் பாட்டு கேவலமா இருந்துச்சுடா."

"அப்பாடா" என்றான். ஆனால் அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

நவம்பர் 12, புதன்

லீவு போட்டுவிட்டு நான்கு மணி நேர ரயில். எல்லா அணிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பொதுத் தேர்வு ஆட்டம். யாருக்காவது பிடித்தால் போன் வரும். ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் வரவே வராது.

வாத்தியத்துக்கு அனுமதி இல்லை, பாட்டும் கூடாது. நல்லவேளை.

தொகாஷி மூன்று முறை இறங்கினான். முதல் முறை அவுட். இரண்டாவது முறை அடித்த பந்து நேராக நடுக்களத்துக்கு. மூன்றாவது, சுவரில் போய் மோதியது. இரண்டாவது தளத்தில் நின்று மூச்சு வாங்கினான். ஆயிரம் பேர் கை தட்டினோம். மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவன் காலடிச் சத்தம்கூடக் கேட்டது.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் அழுதுவிட்டு என்னிடம் கைக்குட்டை கேட்டாள். கொடுத்தேன். நான் அழவில்லை. பாட்டு இருந்தபோது பதினோரு முறையும் ஒன்றுமில்லை. இல்லாதபோது மூன்றில் இரண்டு. எனக்குக் கணக்குத் தெரியும்.

நவம்பர் 19, புதன்

ஒரு வாரம் முடிந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

தலைவர் வந்தார், அடுத்த வருடப் பதிவுப் படிவத்தோடு. டீ கொடுத்தேன். படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் நிரப்பவில்லை.

ஜனவரி 14, புதன்

புதிய காய்கறிக் கம்பெனியின் வண்டி முதல் முறை வந்தது. பின்கதவு திறந்து பெட்டியோடு இறங்கியவனைக் கழுத்தை வைத்தே தெரிந்துகொண்டேன்.

நான் முகக்கவசம், தொப்பி, ரப்பர் காலணி. என்னை அவனுக்கு எப்படித் தெரியும்? மேலாளர் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அட, நீர்க்காகத்துல ஆடின தொகாஷி-சான்தானே! இவங்க உங்க கேலரில டிரம்பெட் ஊதுறவங்க!"

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வரைக்கும் குனிந்தான். "ரொம்ப நாள் உதவி பண்ணினீங்க."

நான்தான் அன்று ஊதினது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான். இப்போது மட்டை இல்லாததால் பேச வருகிறது போலிருக்கிறது.

"கடைசியா ஒரு தடவை, பேரு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குப் பாட்டு வாசிச்சீங்களே. அப்புறம் மேலாளர் என்னை உள்ள கூப்பிட்டுட்டாரு. எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டாங்க. ஆனா எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"ஏன்?"

"அந்தப் பாட்டு ஆரம்பிச்சாலே கால் நடுங்கும். அவ்வளவு நல்ல பாட்டு அது. எல்லாரும் எந்திரிச்சுப் பாடுவாங்க. இதுக்கு ஏத்த ஆளு நான் இல்லையேன்னு தோணும். முதல் தடவையிலேர்ந்து அப்படித்தான்." சிரித்தான். "அதை யாரு போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாள் நேர்ல பார்த்து மன்னிப்புக் கேக்கணும். பாட்டை வீணாக்கிட்டேன்னு."

தெரியாது என்றேன்.

"கேட்டுப் பாருங்க, ப்ளீஸ்" என்று மறுபடி குனிந்தான்.

பார்க்கிறேன் என்றேன். முட்டைக்கோஸ் இருபது பெட்டி. எண்ணிப் பார்த்து ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தேன். இனி வாரம் இரண்டு தடவை வருவானாம்.