சிவப்பு ஒரு வரி இறங்கிய காலண்டர்

வெனிஸ், ஆகஸ்ட் 1476

அன்புள்ள எல்ஸ்பெத்துக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? மாமாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு சின்னச் சங்கதி, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் அச்சுக்கூடத்தில் இந்த வருடக் காலண்டர் அடித்தோம். முதலில் தேதிகளைக் கறுப்பில் அடித்து, காய்ந்ததும் அதே தாளில் திருநாட்களைச் சிவப்பில் அடிப்போம். சிவப்பு எழுத்துகளை மாதம் மாதமாகக் கோத்துவைத்தவன் நான். ஜூலையில் ஒரு வரி இறங்கிவிட்டது. முந்நூறு தாளிலும் சந்தியாகப்பர் திருநாள் ஒரு நாள் தள்ளிப்போனது. திருநாளுக்கு முந்தின நாள் இறைச்சி தொடாமல் ஒருசந்தி இருக்கவேண்டும்; தேதி மாறியதால் அந்த நாளில் ஊரே இறைச்சி தின்றது.

சாமியார் கறிக்கடை ஸனெட்டாவைத் திட்டினாராம். அவள் விடவில்லை. "நீங்க வாயால சொல்றீங்க சாமி. இது அச்சுல வந்திருக்கு. வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி. முந்நூறு தாளும் சேர்ந்து பொய் சொல்லுமா?"

முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "கையால எழுதுறவன் தப்புப் பண்ணா ஒருத்தன் நரகத்துக்குப் போவான். உன்னால ஊரே வண்டி கட்டிக்கிட்டுப் போகுதேடா!"

வேலை போகவில்லை. சிவப்பு மை பக்கம் போகக்கூடாதாம், அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கிழிந்ததை நானே தைத்துக்கொள்கிறேன், ஊசியும் வை. நீ பேசுவதுபோல் நம் பாஷை பேச இங்கே ஆளில்லை.

கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான். மீந்த காலண்டரின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார். அக்டோபரில் ஒரு தேதியைக் கையால் வட்டமிட்டிருக்கிறேன். அன்று நம் ஊர் மைன்ஸுக்கு வந்துவிடுவேன். அச்சை நம்பாதே, வட்டத்தை நம்பு.

உன் ஹென்னே