ஆப்பிள் சாறும் குளுக்கோஸ் குழாயும்

என் லில்லிக்கு,

நீ போனபின் இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டன. மூன்றாவது வருவதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன். நம் ஊர் இண்டூர் முழுக்கப் படிக்கும். உன் வீட்டுக்காரனா இப்படி என்று உனக்கே ஆச்சரியமாக இருக்கும். எழுத்து கோணலாகப் போகிறது. பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் மறுபடியும் ஒயின் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒயின் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைக்கிறேன், அவ்வளவுதான். சைடர் என்பார்கள். சாறு, கொஞ்சம் சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பதினெட்டு நாளாகப் பயந்து கிடக்கிறேன்.

ஏன் திராட்சை இல்லை என்று கேட்பாய். கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட திராட்சை ஒயின் ஜாடி வெடித்த சாயங்காலம் சமையலறைத் தரை முழுக்கச் சிவப்பு. எது ஒயின், எது உன் ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "ஏங்க, தரைய அப்புறம் தொடைக்கலாம், என் கால பாருங்க" என்று நீ சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஆப்பிள் சாறு வெளுத்த டீ நிறம். அதில் ரத்தம் கலந்தால் தெரியும். அதனால்தான் ஆப்பிள்.

அன்றைக்கு நம் வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து இருபது பேர் உட்காரப் போகிறார்கள். ஒயின் வாசனை கூடத்துக்கு வந்துவிடுமோ, சபை ஐயர் என்ன நினைப்பாரோ என்று பயந்து, காற்று வெளியேற நீ லூசாக வைத்திருந்த கண்ணாடி ஜாடி மூடியை நான்தான் இறுக்கித் திருகினேன். உன்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு நீ டம்ளர் கழுவப் போனாய்.

சர்க்கரை நோய்க்காரியின் குதிகாலில் கண்ணாடி ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு மாதம் ஆறாத புண். அதற்குப் பிறகு உன் நெஞ்சு நின்றபோது, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க சார்" என்று டாக்டர் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? படுக்கையில் இருந்தபோது நீயும் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய்: "அடுத்த வருசமாச்சும் மூடிய லூசா வுடுங்க. பயந்துகிட்டுப் போடாம இருந்துராதீங்க." அது மன்னிப்பா, குத்தலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் தடவை நான் செய்த கூத்தைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கடையில் விற்கும் டப்பா ஜூஸை வாங்கி ஊற்றினேன். ஐந்து நாள் ஒரு குமிழி இல்லை. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கெடாமல் இருக்க மருந்து கலந்திருக்கிறது. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன்! இரண்டாவது தடவை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நான்கு கிலோ ஆப்பிள் வாங்கி வந்து, மிக்சியில் அரைத்து, என் பழைய வேட்டியில் பிழிந்தேன்.

கண்ணாடி ஜாடியைத் தொடவில்லை. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் கேன்தான். மூடியில் துளை போட்டேன். காற்று வெளியேறக் குழாய் வேண்டுமே என்று தேடியபோது, உனக்கு வாங்கி, பிரிக்காமலே இருந்த குளுக்கோஸ் ஏற்றும் குழாய் செட் பீரோவில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு முனையை மூடியில் செருகி மெழுகு வைத்து அடைத்தேன். மறுமுனையை டம்ளர் தண்ணீரில் விட்டேன். மறுநாள் காலை அதில் 'குபுக்' என்று ஒரு குமிழி.

குமிழிக்குக் குமிழி எத்தனை விநாடி என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆனாலும் பயம். மெத்தில் ஆல்கஹால் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! இவ்வளவு சாற்றில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வராது என்று தெரியும். தெரிந்தும் பயம். வீட்டில் இப்படிச் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்பதும் தெரியும். அந்தப் பயம் வேறு.

மாடியில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? சித்தேரி மலையிலிருந்து வந்த பெண். போலீஸ் கான்ஸ்டபிள்.

இன்று சாயங்காலம் அவள் இறங்கி வந்து வாசலில் நின்றாள். நான் சமையலறையில் இருந்தேன். குரல் கேட்டதும் என் கை தானாகவே குழாய்க்குப் போயிற்று. குழாயின் நடுவில் சின்னச் சக்கரம் இருக்குமே, நர்ஸ் விரலால் உருட்டிச் சொட்டைக் குறைப்பாளே, அதை முழுக்க உருட்டி மூடிவிட்டேன். குபுக் சத்தம் நின்றது.

"சார், மோட்டார் போடுங்க. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"போடறேம்மா."

"என்னங்க சார் வூட்டுக்குள்ள பழ வாசனை? யாராச்சும் விருந்தாளிங்களா?"

"ஆப்பிள் கொஞ்சம் அழுகிப்போச்சும்மா."

"அழுகுனா இப்பிடியா மணக்கும்? எங்கூர்ல பலாப்பழம் கனிஞ்சாகூட இப்பிடி வராதுங்க."

அவள் சிரித்தாள். பிறகு தண்ணீர் லாரி, மேலதிகாரி, பஸ் என்று பேசிக்கொண்டே போனாள். அவள் வாசலில், நான் சமையலறைக் கதவருகில். எனக்குப் பின்னால் மேடைமேல் கேன். திரும்பிப் பார்த்தேன். கேனின் பக்கங்கள் உப்பிவிட்டன. பிளாஸ்டிக் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது.

லில்லி, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே சமையலறை, அதே கை, யார் என்ன நினைப்பார்களோ என்ற அதே பயம். மறுபடியும் இறுக்கி மூடிவிட்டு நிற்கிறேன். இந்தத் தடவை வாசலில் நிற்பது யாரோ பெற்ற பெண்.

"ஒரு நிமிஷம் அங்கயே நில்லும்மா, உள்ள வராத" என்றேன். போய்ச் சக்கரத்தை உருட்டித் திறந்தேன். டம்ளர் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கி மேடையில் வழிந்தது. சத்தம் வாசல் வரை கேட்டது. அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார்... நீங்களா?"

"நான்தாம்மா. ஆப்பிள் சாறு. புளிக்க வெச்சிருக்கேன்."

"இது தப்புன்னு தெரியுமில்லைங்க?"

"தெரியும்."

கேனையும் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா தெரியவில்லை. "இன்னிக்கி எனக்கு லீவு, மோட்டார் போடச் சொல்லத்தான் வந்தேன். நாளைக்குக் காலைல டியூட்டிக்கு எறங்கி வருவேன். அப்ப மறுபடியும் கேப்பேங்க சார். பாத்துக்குங்க" என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

விடிவதற்குள் கொட்டிவிடு என்கிறாள். கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த வயதில் ஸ்டேஷன் படி ஏறுவேனா? பழைய மாணவர்கள் பார்ப்பார்களா?

ஆனால் ரகசியமாகக் கொட்டுவதும் ஒரு மூடிதானே?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அவள் சீருடையோடு இறங்கி வரும்போது வாசல் கதவு திறந்திருக்கும். கேன் மேடைமேலேயே இருக்கும், குழாயின் சக்கரம் திறந்தபடி. அவள் கேட்டால் இதையெல்லாம் சொல்வேன். ஜெபக்கூட்டத்தன்று யார் மூடியை இறுக்கினார்கள் என்பது உட்பட. கொட்டச் சொன்னால் அவள் கண் முன்னால் கொட்டுவேன். இனி பயந்துபோய் எதையும் இறுக்கி மூட மாட்டேன், லில்லி. பயம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுதும்போதும் அந்தக் குபுக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதினோரு விநாடிக்கு ஒன்று.

அன்று உன்னிடம் சொல்லாமல் மூடியை இறுக்கிய,
உன் வீட்டுக்காரன்