படகில் உட்காரக் கேட்டாயே

வால்டிவியா,
ஜனவரி, ஞாயிறு.

அன்புள்ள யாஸ்னா,

இங்கு எல்லோரும் சுகம். ராமிரோவுக்கு முதுகுவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. அந்தத் தெற்குக் காற்றில் நீ எப்படித்தான் இருக்கிறாயோ. வேளைக்குச் சாப்பிடு.

உன் பேட்டியை வானொலியில் கேட்டோம். ராமிரோ சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "பாருடி, ஐம்பத்திரண்டு வயசுல மகெல்லன் ஜலசந்தியவே நீந்திக் கடக்கப் போறா! நீயும் இருக்கியே!" என்றார். அடுப்பில் பயறு அடிபிடித்தது. தெரிந்தேதான் விட்டேன். "ஒரு தோழிக்குத் துணையாத்தான் முதல்ல ஆத்துக்குப் போனேன்" என்றாயே, அந்தத் தோழிக்குப் பெயர் கிடையாதா?

நீச்சலுக்கு ஆசைப்பட்டவள் நான். ஆசிரியரைத் தேடிப் பிடித்தவளும் நான். நீ என் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் இளித்தபடி நின்றாய். மீன் சந்தைக் குண்டு ஓமார், "டேய், மீனுக்கு இங்கயே சுத்துற நம்ம கடற்சிங்கம் ஒண்ணு தொப்பி மாட்டிக்கிட்டுத் தப்பிச்சுப் போகுதுடா!" என்று கத்தியது யாரைப் பார்த்து? கேலியெல்லாம் எனக்கு, பேட்டி உனக்கு.

அப்புறம் நீயும் இறங்கினாய். கோடை முடிவதற்குள் என்னைத் தாண்டிவிட்டாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாலத்தூணைக் கட்டிப்பிடித்திருப்பேன். நீ அக்கரையிலிருந்து, "வாடி, அவ்ளோதான், வந்துட்டே!" என்பாய். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இனி காதில் தண்ணீரே படக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போய்விட்டாய். போகாதே என்று நான் சொல்லவில்லைதான். ஒரே ஒரு நாள் போகாமல் இருந்திருக்கலாம்.

இப்போது, நீ நீந்தும்போது துணைப்படகில் கூடவே வந்து சூப் கொடு என்று எழுதியிருக்கிறாய். விதிகளைப் படித்தேன். படகில் இருப்பவரின் விரல் உன்மேல் பட்டால் நீந்தியது செல்லாதாமே. கோப்பையைக்கூடக் கழியில் கட்டித்தான் நீட்ட வேண்டுமாம். வயிறெரிகிறவளைக் கூப்பிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வைக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ராமிரோ என்னைக் கேட்காமலே விமானச் சீட்டு எடுத்துவிட்டார். வருகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். குளிரில் உன் உதடு நீலமாகிப் பேச்சு குழறினால் நான் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். தோளைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டுவிடுவேன். ஊரே, "பொறாமையில கெடுத்துட்டா" என்று சொல்லும். சொல்லட்டும். நீ மட்டும் அப்படி நினைத்துவிடாதே யாஸ்னா.

என் கை படாமலே நீ அக்கரை சேர வேண்டும் என்று மாதாவிடம் முக்கால் மனதோடு வேண்டிக்கொண்டிருக்கிறேன். மீதியையும் படகு ஏறுவதற்குள் சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

உன்,
எடெல்மிரா