பெஞ்சில் சரிந்த டிரான்ஸ்ஆக்சில்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? நம் மகள் இல்மாவுக்குச் சளி விட்டதா? இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

கணபதி ஒர்க்‌ஷாப்பில் பழைய காரின் டிரான்ஸ்ஆக்சிலைப் பிரிக்கிறேன். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்த ஒரே கட்டி, அடிப்பக்கம் உருண்டை. நேற்று பெஞ்சிலிருந்து சரிந்ததை நெஞ்சோடு அணைத்து நிறுத்தினேன். லேசான சிராய்ப்புதான்.

"ஏனுங்க அம்மணி, கொழந்தைன்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்று ஃபோர்மேன் சஹீர் பாய் சிரித்தார். பிறகு கந்தல்துணியில் சும்மாடு சுற்றி, அதன்மேல் உட்காரவைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன்.

வீடியோ காலில் இல்மா என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மச்சான். இந்த வண்டி வேலை முடியாமல் எனக்கு லீவு கிடையாது. அதற்குள் என்னை மறந்தே போவாள். நான் உடுத்திய துப்பட்டாவை இத்துடன் அனுப்புகிறேன், அவள் தூங்கும்போது போர்த்துங்கள். கிரீஸ் வாடை அடிக்கிறதென்று துவைத்துவிடாதீர்கள். இப்போது என் வாசனையே அதுதான்.

கூரியர் கடையை மூடப்போகிறார்கள்.

சஃபியா