பின்வாசலில் ஒரு மெஷின்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மாடியில் காயப்போட்ட பெட்ஷீட்டில் மறுபடி மைன்ஸ் கரித்தூள். மறுபடி அலசல்.

இன்று முதல் மினிபஸ்ஸில் காசு செல்லாது. கார்டு மட்டும். டவுன்ஷிப்புக்குள் ஓடும் ஐந்து வண்டியும் இப்போது ஒரே கம்பெனி கையில். அவர்கள் வைத்ததுதான் சட்டம். எல்லாருக்கும் ஒரே நீலக் கார்டு, மூலையில் ஸ்டாம்ப் அளவு போட்டோ, பேர் இங்கிலீஷில். என் போட்டோவில் இருப்பது நான் இல்லை, காய்ச்சலில் படுத்து எழுந்த யாரோ ஒருத்தி.

கார்டைத் தட்டும் மெஷினை எங்கே மாட்டியிருக்கிறார்கள்? பின்வாசலில். கண்டக்டர் செல்வம் நிற்கிற இடத்தில். பெண்கள் ஏறுவது முன்வாசலில். இதுகூடத் தெரியாமல் ஒரு கம்பெனி. பஸ்ஸில் ஒரு நாளாவது ஏறியிருப்பானா அதை அங்கே மாட்டிய ஆள்? நடுவில் ஜெனரல் ஷிப்ட் ஆட்கள், டிபன் பாக்ஸும் முதுகுப்பையுமாக. புகுந்து போக வழியே இல்லை.

செல்வம் கத்தினான்: "முன்னாடி நிக்கறவங்க கார்டக் குடுத்து அனுப்புங்க!"

அனுப்பினோம். இத்தனை வருஷம் காசு போன வழிதானே. கை மாறிக் கை மாறிப் பின்னால் போனது. பீப், பீப், பீப். கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. கையில் விழுந்ததைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

வாங்க: துவரம்பருப்பு, இவருக்கு ஷூ லேஸ், கொத்தமல்லி.

ஆகஸ்ட் 6, புதன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்ப்போம்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் செக்கர் ஏறினார். கையில் சின்ன மெஷின். என் கார்டை வாங்கினார். பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க பேரு?"

"நூர்ஜஹான்."

"கார்டுல ராஜேஸ்வரின்னு இருக்குது. எங்கேருந்து எடுத்தீங்க?"

எடுத்தீங்களாம்! எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நெற்றியில் பெரிய பொட்டு.

"எடுக்கலைங்க. பின்னாடி போயிட்டு வரும்போது மாறிக்கினு வந்திருக்குது. என் கார்டு அவங்ககிட்ட இருக்கும், விசாரிச்சுப் பாருங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இது குவார்ட்டர்ஸ் சலுகை கார்டு, பாதி டிக்கெட். பர்மனென்ட் ஆளுங்களுக்குக் குடுக்கறத நீங்க அனுபவிச்சா எப்படி?"

வண்டி முழுக்க என்னையே பார்க்கிறது. செல்வத்தைப் பார்த்தேன், குடுத்து அனுப்பச் சொன்னவன் அவன்தானே, ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று. அவன் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செக்கர் கார்டை வைத்துக்கொண்டார். என்னை நிற்கவைத்து செல்போனில் போட்டோ எடுத்தார். நானும் மரம் மாதிரி நின்றேன். அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். முகத்தையாவது திருப்பியிருக்கலாம்.

அங்கேயே இறங்கி, மெயின் பஜார் வரை நடந்து, வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒட்டிவிட்டார்கள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பெண்கள் உட்காரும் பக்கம் பார்க்கிற மாதிரி. "கார்டைத் தவறாகப் பயன்படுத்திய பயணி." கீழே என் முகம், வாய் பாதி திறந்தபடி. ஐந்து வண்டியிலும் இருக்கிறதாம். கையில் கார்டும் இல்லை, இருந்தாலும் பஸ் ஏற மாட்டேன். ஷேர் ஆட்டோ.

மருந்துக்கடையில் கல்லா என் பொறுப்பு. அந்த ஸ்டூலே நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது. இன்று சுகர் மாத்திரை வாங்க வந்த ஒருவர் மீதிச் சில்லறையை என் எதிரிலேயே இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். தெரிந்தவர். பேத்திக்குச் சளி மருந்து வாங்க மழையில் வந்தபோது குடை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மத்தியானம் முதலாளி பாஸ்கரன் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க உள்ள ஸ்டாக் பாருங்கம்மா. கல்லாவுல என் மச்சான் உக்காரட்டும். தப்பா நினைக்காதீங்க. வர்றவங்க கேக்கறாங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? கல்லாவை விட்டு எழுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே போய் இருமல் மருந்து டப்பாவெல்லாம் அடுக்கினேன். ஒரு டப்பா நசுங்கியது. நான்தான் நசுக்கினேன்.

இவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்து சொன்னது: "வுட்டுத் தள்ளு நூரு. ரெண்டு நாள்ல அதுவே கிழிஞ்சிடும்."

"அது கிழியறதுக்குள்ள நான் கிழிஞ்சிடுவேன்."

சட்டையைக் கழற்றி மாட்டினார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டர். எங்கேயும் குரல் உயர்த்தாமல் இருந்து பழகிவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் கொஞ்சம் மழை. புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம்.

ராஜேஸ்வரி கடைக்கு வந்தார். கார்டில் பார்த்த அதே கண்ணாடி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வீட்டுக்காரர் ஆபீசர்.

"ஏனுங்க, இது உங்க கார்டுங்களா? என்ற பையில இருந்துச்சுங்க. நாலஞ்சு தடவை இதுலதான் போய்ட்டு வந்திருக்கறனுங்க, பாக்கவே இல்லை. பஸ்ஸுல உங்க போட்டோவைப் பாத்ததுந்தான் பையைக் கொட்டிப் பாத்தேன்."

"செக்கர் உங்ககிட்ட கார்டு கேக்கலையா?"

"கேக்கலீங்க. வணக்கம் வெச்சுட்டுப் போய்ட்டாருங்க."

அவருடைய கார்டை பஸ் கம்பெனி ஆள் இன்று காலை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தானாம். கார்டு இரண்டு, மாறியது ஒரே தரம். அவருக்கு அது மறதி, எனக்குத் திருட்டு. கழுத்தில் கிடப்பதையும் போகும் வீட்டையும் பார்த்து முடிவு செய்கிறது இந்த மெஷின்.

பஸ் கம்பெனி ஆபீசில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"அவருக்குப் புரமோஷன் நேரமுங்க. பேரு அடிபடும். நீங்களே சொன்னா நம்புவாங்க கண்ணு."

நம்புவார்களாம். கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சும்மா போகக் கூடாது என்று ஒரு அட்டை பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பஸ் கம்பெனி ஆபீஸ். பஸ் ஸ்டாண்ட் எதிரே, மாடியில். ஏசி. மேனேஜர் என்று ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். நான் ஒரு பக்கம் போன நேரத்தில் என் கார்டு இன்னொரு பக்கம் போயிருக்கிறது. அதிலேயே எல்லாம் தெரிகிறது. அவனுக்கும் தெரிந்தது, முகத்தில் பார்த்தேன்.

"மாறிடுச்சுன்னே வெச்சுக்குவோம் மேடம். அதுவும் தப்புதான். ரூல் நாலு, கார்டைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது."

"கொடுக்கச் சொன்னது உங்க கண்டக்டர். சரி, நான் குடுத்தது தப்புன்னா அந்த மேடம் குடுத்ததும் தப்புதான? அவங்க போட்டோ எங்க?"

"அவங்க மேல கம்ப்ளெய்ன்ட் இல்லையே மேடம்."

மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தால் போட்டோவை எடுத்துவிடுவார்களாம். டைப் அடித்தே வைத்திருக்கிறான். "நான் செய்த தவறுக்கு வருந்துகிறேன்." பேனாவையும் நீட்டினான்.

"செய்யாத தப்புக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அதையும் ஒட்டுவீங்க."

வந்துவிட்டேன். படியில் இறங்கும்போதுதான் அழுகை. ஆத்திரத்தில் வரும் அழுகை, அதைத் துடைக்கக்கூட இஷ்டமில்லை.

பாஸ்கரன்: "ஒரு கையெழுத்துதானம்மா. போட்டுட்டா நாளைக்கே கல்லாவுல உக்காரலாம்." இவரும் அதே: "போட்டுக்கினு வந்துடு நூரு." மாட்டேன். கையெழுத்துப் போட்ட திருடி கல்லாவில் உட்காரலாம், போடாத நான் உட்காரக் கூடாதா?

இவருடைய கண்ணாடியை வாங்கிக் கார்டின் பின்பக்கம் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்து. ரூல் நாலு இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு. மாவு புளித்துவிட்டது.

காலையில் ஷேர் ஆட்டோவுக்குப் போகாமல் ஆர்ச் கேட் ஸ்டாப்பிலேயே போய் நின்றேன். எட்டு மணி வண்டிப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். முதலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானாக ஆரம்பித்தேன். செக்கர், ராஜேஸ்வரி, மேனேஜர், கடிதம், எல்லாம்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் கஸ்தூரிதான் வாயைத் திறந்தாள். "எனுக்கும் ரெண்டு தபா மாறிக்கினு வந்துச்சுக்கா. மூஞ்சப் பாத்து மாத்திக்கினேன். இல்லன்னா உன் பக்கத்துல நானும் ஒட்டிக்கினு இருந்திருப்பேன்."

ரூல் நாலைப் படித்துக் காட்டினேன். கஸ்தூரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப குடுக்காம வுட்டா?"

எல்லாரும் அவரவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி சிரித்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

எட்டு மணி வண்டி. ஏறினோம். எதிரே என் முகம். நன்றாகவே பார்த்தேன் இன்று.

"கார்டக் குடுத்து அனுப்புங்க!"

ஒரு கையும் நீளவில்லை.

"இன்னாம்மா, காது கேக்கலியா?"

கஸ்தூரி: "ரூல் நாலுப்பா. பிறத்தியார் கையில குடுக்கக் கூடாதாம். நாங்களே வந்து தட்டறோம்."

முன்வாசலில் இறங்கினோம், அத்தனை பேரும். பின்வாசலுக்கு நடந்தோம். படியில் தொங்கியவர்கள் இறங்கி வழிவிட வேண்டியிருந்தது. ஒருத்தி ஏறி, தட்டி, இறங்கி, மறுபடி முன்வாசலில் ஏறி. அடுத்தவள். யாருக்கும் அவசரமில்லை. ஒரு அம்மா சாவகாசமாகப் பையில் கார்டைத் தேடினார். அடுத்த ஸ்டாப்பிலும் அதே. அங்கே ராஜேஸ்வரி நின்றிருந்தார். நடப்பதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் பின்வாசல் வரிசையில் வந்து நின்றார், சுடிதார்களுக்கும் நூல்புடவைகளுக்கும் நடுவில் பட்டுப்புடவையோடு. சரி, வந்தாரே.

ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் கத்த ஆரம்பித்தார்கள். "யோவ் செல்வம், பஞ்ச் போட நேரமாச்சுய்யா!"

செல்வம் என்னிடம் வந்தான். வேர்த்து வழிந்தது. "அக்கா, கார்டக் குடுத்து அனுப்பச் சொல்லுக்கா. கால்ல வேணா வுழறேன்."

"குடுத்தா ஒட்டுவீங்களே."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்தப் பேப்பரக் கிழிச்சிப் போடுய்யா, வண்டி நவுரட்டும்!" இன்னொரு குரல். அப்புறம் எத்தனை என்று தெரியவில்லை, ஆண்கள் பக்கம் முழுக்க. முந்தின புதன்கிழமை இவர்களில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால்?

செல்வம் நகத்தால் சுரண்டினான். வரவில்லை, பசை அவ்வளவு கெட்டி. டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நனைத்து நனைத்துக் கிழித்தான். நெற்றி போனது, கண் போனது, வாய் போனது. முழுசாகப் போகும்வரை நான் என் கார்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"போதுமாக்கா?"

இந்த வண்டிக்குப் போதும். மீதி நாலு வண்டியில் நான் இன்னும் திருடி. நாளைக்கு எட்டரை வண்டி.